ஒரே வாணலி, இரண்டு குண்டான்கள்

1

இக்குறிப்பில் நான் கண்ணால் கண்டதும், காதால் கேட்டதும், உரியவரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டதும் மட்டுமே இடம்பெறும். எங்கேனும் ஊகம் வந்தால் அது ஊகம் என்றே சொல்லப்படும். இத்தனை கறாருக்குக் காரணம் உண்டு. நடந்தது ஒரு சாப்பாட்டு விவகாரம். அதைப் பற்றி இங்குள்ள நம் வட்டாரத்தாரிடையே ஏற்கெனவே மூன்று கதைகள் உலவுகின்றன. உருண்டை சரியாக வேகவில்லை என்பது ஒரு கதை. ஏதோ வாடை அடித்தது என்பது மற்றொன்று. அது என்ன இறைச்சியோ என்று ஐயம் எழுந்தது என்பது மூன்றாவது. இவற்றைச் சொல்லித் திரிபவர்கள் எவரும் அந்தக் குண்டானிலிருந்து ஓர் உருண்டையையும் வாயில் வைத்தவர்கள் அல்லர். ஆகவே, வாணலியில் கிளறியவளும் வாயில் வைத்தவளுமாகிய நான், அறிந்ததை அறிந்த அளவில் எழுதி ஊருக்கு அனுப்புகிறேன்.

பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். வளர்மதி என்று நான் இங்கு குறிக்கும் பெண் இதனை அச்சுக்குப் போகுமுன் படித்தாள். இரண்டு இடங்களைத் திருத்தினாள். நானே அடித்துவிட்டிருந்த ஓரிடத்தைக் காட்டி, "இத்த எடுக்காதீங்கக்கா, இருக்கட்டும்" என்றாள். அந்த இடமும் இதில் இருக்கிறது.

எழுதத் தூண்டியது நேற்று என் கைபேசிக்கு வந்த ஓர் அழைப்புச் செய்தி. கனடாவின் நடுவே, பனியும் கோதுமையும் மட்டுமே விளையும் ஒரு சமவெளி நகரில் வசிக்கிறேன். இங்கு கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பங்கள் சில ஆண்டுக்கொரு முறை ஒரு மண்டபத்தில் கூடும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவர வேண்டும். அதற்குக் கூட்டாஞ்சோறு என்று பெயர் வைத்தவளே நான்தான். இன்று அந்தச் சொல்லை எழுதும்போது வாய் கசக்கிறது. கூடலின் தலைவர், களமருதூர்க்காரர், எழுதியிருந்தார்: "டீச்சர், போன வருஷம் மாதிரியே உங்க வூட்டு உருண்டை கண்டிப்பா வரணும். எல்லாரும் கேட்டுக்கினே இருக்காங்க."

படித்ததும் எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

2

அந்த உருண்டை நான் தேர்ந்தெடுத்தது அல்ல. முந்தைய கூடல்களில் பிள்ளைகள் எதையும் தொடாமல் மூலையில் அமர்ந்து பொட்டல வறுவலைத் தின்றுகொண்டிருந்தார்கள். ஆதலால், ஊர்ச் சமையலோடு இந்நாட்டுப் பதார்த்தமும் சில இருக்கட்டும் என்று சென்ற ஆண்டு முடிவாயிற்று. என் மகள் யாழினி, தன் தோழியின் வீட்டில் செய்யும் இனிப்பும் புளிப்புமான இறைச்சி உருண்டைதான் வேண்டும் என்றாள். அவளுக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் விடை சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருவாள். கள்ளக்குறிச்சியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த எனக்கு, பெற்ற மகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கற்பிக்க இயலவில்லை. நான் இங்கு நடத்தும் ஞாயிறு தமிழ் வகுப்பில் பலகையைப் பார்க்காமல் சன்னலைப் பார்ப்பாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வெறும் கோலம். இதைப் பின்னால் ஒரு காரணத்துக்காக நினைவுபடுத்துவேன்.

அத்தோழியின் வீட்டில் அச்சமையலை நேரில் கண்டேன். கடையில் அரைத்து, உறையவைத்து, பையில் விற்கும் உருண்டைகளை ஒரு மின்சாரச் சட்டியில் கொட்டினார்கள். ரொட்டியில் தடவும் திராட்சைப் பழப்பாகை ஒரு புட்டி முழுதும் அதன்மேல் கவிழ்த்தார்கள். அதன்மேல் புட்டித் தக்காளிச் சாறு. அதன்மேல் காடி. மூடிவைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து திறந்தபோது, ஊதா நிறத்தில் மினுங்கிய கூழுக்குள் உருண்டைகள் பாதி முங்கிக் கிடந்தன. மேலே கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்தது. நாவில் வைத்தால் முதலில் மிட்டாய், பிறகு கெட்டுப்போன ஊறுகாய், கடைசியில் மெழுகு. அந்த அம்மாள் முகமெல்லாம் மலர இன்னும் இரண்டு வைத்தார். விழுங்கினேன். ஒருவர் சமைத்து அன்போடு வைத்தால் விழுங்கத்தான் வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

"அதே மாதிரி பண்ணும்மா. உன் இஷ்டத்துக்கு மாத்தாத" என்றாள் யாழினி, தமிழில்.

"அது உணவா?"

"உனக்கு இங்க எதும்மா பிடிச்சிருக்கு?"



மண்டபம் நகராட்சிக்கு உரியது. அதன் அலுவலர் தம் விதிகளை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். சூடான பதார்த்தம் சூடாக இருக்க வேண்டும். என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் சீட்டு வைக்க வேண்டும். சமைத்தவர் பெயரும் வேண்டுமா என்றேன். அவர் வியப்போடு நிமிர்ந்து, எதற்கு என்றார். உண்பவருக்குத் தேவை உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டுமே என்றார். இந்நாட்டு அலுவலர்களை நான் எத்தனையோ முறை மனத்துக்குள் வைதிருக்கிறேன். இந்த ஒருவரை வையமாட்டேன்.

3

வளர்மதி எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவள். தியாகதுருகத்துக்காரி; இங்கு ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை. அப்போது அவள் இந்நகருக்கு வந்து ஓராண்டும் ஆகியிருக்கவில்லை. நம் வட்டாரத்தார் கூடலுக்கு அவள் வந்தது அதுவே முதல்முறை. அந்தக் கோடையில் அவளுடைய தாய் அஞ்சலை மகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்தார். பருவந்தோறும் கரும்பு வெட்டும் ஆட்களோடு ஊர் ஊராகப் போய்த் தங்கி, அந்தக் கூலியில் மகளைப் படிக்கவைத்தவர். ஒருமுறை அவருக்கு நுழைவு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. திரும்பிப் போவதற்கு ஊரில் என்ன சொத்து இருக்கிறது என்று தூதரகத்தில் கேட்டார்களாம்.

"என் ஆடு இருக்குதுன்னு எழுதச் சொன்னேன். இவ எழுதமாட்டேன்னுட்டா" என்றார் அஞ்சலை என்னிடம். "ஆட்டுக்காகத் திரும்பி வர மாட்டேனா நானு? இவளுக்காகவே இம்மாந்தூரம் வந்திருக்கறேன்."

விமான நிலையத்தில் அவர் பையிலிருந்த புளி உருண்டையை அதிகாரி ஒருவர் உறையணிந்த கையால் தூக்கிப் பிடித்து, மூக்கைச் சுளித்து, நெடுநேரம் பார்த்தாராம். கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிறவர்களிடம் வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு இடித்த புளி. அந்த அதிகாரி சுளித்த மாதிரியை அஞ்சலை எங்கள் சமையலறையில் நடித்துக் காட்டினார். "நக்கிப் பாருய்யான்னு சொல்லுடின்னு போன்லயே இவகிட்ட சொன்னேன். இவ சொல்லவே இல்ல."

கூட்டாஞ்சோற்றுக்கு வருமாறு நான் அழைத்தபோது சிரிப்பு நின்றது.

"நீங்க போய்ட்டு வாங்கம்மா. எனக்கு இன்னாத்துக்கு?"

"ஏம்மா?" என்றாள் வளர்மதி.

"நம்ம ஊரு ஜனந்தானேடி? பிளேன்ல ஏறுனா மாறிடுமா?"

"இங்க அதெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. எல்லாரும் ஒண்ணா நின்னு துண்றதுதான்."

"நீ ஆக்கினுபோறதயும் துண்ணுவாங்களா?"

"துண்ணுவாங்க."

"பாக்கறேன்" என்றார் அஞ்சலை.

தாய்க்குக் கொடுத்த அந்தச் சொல் பொய்யாகிவிடக் கூடாது. அன்று வளர்மதிக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். இதை அவளே என்னிடம் பின்னர் சொன்னாள்.

4

நானும் வளர்மதியும் சேர்ந்து, என் வீட்டில், ஒரே பதார்த்தமாகச் செய்வது என்று முடிவு செய்தோம். திராட்சைப் பாகையும் புட்டிச் சாற்றையும் வீட்டுக்குள் விடுவதில்லை என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இனிப்புக்கு வெல்லம், புளிப்புக்கு மலைப்புளி. ஆட்டுக் கொத்துக்கறியோடு பொட்டுக்கடலைப் பொடி, சின்ன வெங்காயம், இஞ்சி, சோம்பு சேர்த்து அரைத்து வளர்மதி உருட்டினாள், நான் பொரித்தெடுத்தேன். அஞ்சலை புளியை ஊறவைத்துத் தம் கையால் கரைத்து வடித்தார். பெரிய வாணலியில் புளிச்சாறும் வெல்லமும் கொதித்துக் கெட்டிப்பட்டதும் பொரித்த உருண்டைகள் அத்தனையையும் அதில் கொட்டிப் புரட்டினோம். ஒரே வாணலி. இதை அழுத்திச் சொல்கிறேன்.

"இன்னாடி இது, கறியில வெல்லத்தப் போட்டுக்கினு? பொங்கலா கொழம்பா?"

"ரெண்டும்தாம்மா."

"கடவுளே. புளி ஜாஸ்தி, வெல்லம் கம்மி. இன்னும் போடு." ஒன்றை எடுத்து ஊதித் தின்றார். முகத்தைக் கோணினார். இன்னொன்றை எடுத்தார். "நல்லாவா இருக்குது? சீ. அசிங்கமா இருக்குது." மூன்றாவதையும் எடுத்தார்.

வழக்கம்போல் மாற்றிவிட்டாய் என்று யாழினி முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அஞ்சலை அவள் வாயில் ஒன்றைத் திணித்தார். அவள் தட்டு எடுத்துவரப் போனாள்.

ஒரு பாத்திரத்தில் அடங்கவில்லை. என் எவர்சில்வர் குண்டானில் பாதி போட்டோம். மீதிக்கு வளர்மதி தன் குண்டானைக் கொண்டுவந்தாள். அவள் திருமணத்தின்போது தாய் வாங்கிக்கொடுத்தது; மூட்டை முடிச்சுகளோடு அஞ்சலை அதையும் கடல் தாண்டிக் கொண்டுவந்திருந்தார். நம் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் எதை வாங்கினாலும், பேர் வெட்டணுமா என்று கேட்பார்கள் அல்லவா? கேட்டிருக்கிறார்கள், வெட்டியிருக்கிறார்கள். 'மகள் வளர்மதிக்கு, தாய் அஞ்சலை, கிழக்குக் காலனி, தியாகதுருகம்.' என் குண்டானில் என் தந்தையின் பெயர்: 'மு. நடேசன், பெரிய தெரு, கச்சிராயபாளையம்.'

அஞ்சலை தம் பெயரின் புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "எனக்கு எழுத்துத் தெரியாதும்மா. இது என் பேருன்னு மட்டும் தெரியும்."

5

பாத்திரத்தில் வெட்டிய பெயரைப் பற்றி எனக்கு இன்னொரு நினைவு உண்டு. அதையும் நான் நேரில் கண்ட அளவில் சொல்கிறேன்.

கச்சிராயபாளையத்தில் எங்களுக்குக் கரும்பு இருந்தது. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் நிலம். எங்கள் மாடுகளையும் கழனியையும் மாரி என்பவர் பார்த்துக்கொண்டார். என் அக்காளின் திருமணத்தன்று மாரியும் அவர் மனைவியும் தோட்டத்துப் பக்கமாக வந்து, ஓர் எவர்சில்வர் குண்டானைக் கொடுத்தார்கள். நல்ல கனமான குண்டான். வந்திருந்த உறவினர் பலருடைய அன்பளிப்பைவிடப் பெரியது. 'அன்பளிப்பு, மாரி, காலனி' என்று பெயர் வெட்டியிருந்தது. என் தாய் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். வெற்றிலை பாக்கும் கொடுத்தார்.

அந்தக் குண்டான் அக்காளின் சீர்வரிசையில் போகவில்லை. வீட்டுக்குள்ளும் வரவில்லை. மாட்டுக்கொட்டிலில், மாடுகளுக்குப் பிண்ணாக்கு ஊறவைக்கும் பாத்திரமாயிற்று. அம்மா யாரையும் திட்டவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை எங்கே வைப்பது என்று வீட்டில் எவரும் எவரையும் கேட்கவுமில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதில் தினந்தோறும் பிண்ணாக்கை ஊறவைத்துக் கையைவிட்டுக் கரைத்து மாடுகளுக்கு வைத்தவர் மாரியேதான். புளித்த பிண்ணாக்கின் நெடியை இங்குள்ளவர்களுக்கு எப்படி விளங்கவைப்பது? கூடலிலிருந்து வரும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த நெடி என் மூக்கில் ஏறுகிறது.

6

மண்டபத்தில் இரண்டு குண்டான்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டின் முன்னும் என் கையெழுத்தில் ஒரே மாதிரிச் சீட்டு, இரண்டு மொழியிலும்: ஆட்டு இறைச்சி, பொட்டுக்கடலை, வெங்காயம், புளி, வெல்லம்.

தலைவருக்கு ஒரு வழக்கம். விருந்து தொடங்குமுன் மேசை நெடுகிலும் நடந்து, பாத்திரங்களில் வெட்டியிருக்கும் பெயர்களை உரக்கப் படிப்பார். கல்வெட்டுப் படிக்கிறேன் என்பார். ஊரிலிருந்து வந்த பாத்திரங்கள் என்பதால் எல்லோரும் மகிழ்ந்து சிரிப்பார்கள்.

"'அன்பளிப்பு, தாய்மாமன், உளுந்தூர்பேட்டை.' யோவ், இந்தச் சட்டிய வெச்சே பொண்ணு கேட்டிருப்பாரு போல!" சிரிப்பு. அடுத்து என்னுடையது. "'மு. நடேசன், பெரிய தெரு, கச்சிராயபாளையம்.' ஆகா, பெரிய தெருவு! டீச்சர், உங்கப்பா பேரு கனடா வரைக்கும் வந்துடுச்சிங்க." கைதட்டினார்கள். அடுத்து: "'மகள் வளர்மதிக்கு, தாய் அஞ்சலை, கிழக்குக்...'"

குரல் நின்றது. கண் நிற்கவில்லை, அது வரியின் கடைசிவரை போய் மீண்டதை நான் எதிரே நின்று பார்த்தேன். "அப்புறம், இது யாரு, இட்லிக் குண்டானா?" என்று நகர்ந்துவிட்டார். இம்முறை சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

மண்டபத்தின் கோடியில் அமர்ந்திருந்த அஞ்சலை மகளின் கையைத் தட்டினார். "எம் பேர மைக்கு இல்லாமலே எப்டிப் படிச்சாரு பாத்தியா?"

பிறகு வரிசை வந்தது. சோற்றைப் பரிமாறும் சாக்கில் நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. என் குண்டானில் கரண்டி விழுந்து விழுந்து எழுந்தது. பக்கத்துக் குண்டானின் கரண்டி, வைத்தது வைத்தபடி மினுங்கியது. அதன்மேல் கைகள் தாண்டிப் போயின. பட்டுச்சேலை கட்டிய ஒருவர் அந்தக் கரண்டியை எடுத்துவிட்டார்; பிறகு குனிந்து பாத்திரத்தின் விளிம்பைப் படித்தார்; கரண்டியைப் பாம்பை விடுவதுபோல் விட்டார்.

பிள்ளைகள் மட்டும் கைக்கு எட்டியதில் எடுத்தார்கள். யாழினியும் இன்னும் சிலரும் அஞ்சலையின் குண்டானில்தான் முதலில் கைவைத்தார்கள். அவர்களுக்குத்தான் எழுத்துத் தெரியாதே. ஒரு தாய் ஓடிவந்து, "அதுல வேணாம் கண்ணு, இதுல எடுத்துக்க" என்று தட்டைத் திருப்பினார். நாற்பது வயது கடந்தவர்கள் அங்கே தாய்மொழியை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதைத் தமிழாசிரியையாகிய நான் கண்ணெதிரே கண்டேன். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர என்னால் இயலாமற்போனதை எண்ணி அந்த ஒரு வேளை மட்டும் நான் வருந்தவில்லை.

என் குண்டானின் அடியைச் சுரண்டும் ஓசை கேட்டது. "டீச்சர், இன்னும் இருக்குதுங்களா?" என்றார் ஒருவர்.

"பக்கத்தில் நிறைய இருக்கிறதே. அதுவும் இதுதான்."

"இல்லைங்க, வயிறு ரொம்பிடுச்சி" என்றவர், பாகு ஒட்டிய என் கரண்டியை வழித்துத் தம் தட்டில் தட்டிக்கொண்டார்.

தலைவரின் மனைவி வந்து என் கையைப் பிடித்தார். "உங்க வூட்டுக் கைப்பக்குவமே தனிங்க டீச்சர். இன்னா ருசி! அந்தாண்ட இருக்கறதுதான் ஒருமாதிரி வாடை அடிக்குது."

"சாப்பிட்டுப் பார்த்தீர்களா?"

"ஐயோ, இல்லைங்க. கிட்டப் போனேன். இன்னா கறியோ இன்னாவோ."

"ஆடு. சீட்டில் இருக்கிறது. இரண்டிலும் இருக்கிறது."

"எழுதறதுக்கு இன்னாங்க, எதுவேணா எழுதலாம்."

அவர் உதட்டோரத்தில் புளியும் வெல்லமும் சேர்ந்த பாகு பளபளத்துக்கொண்டிருந்தது. அஞ்சலையின் விரல்கள் கரைத்த புளி. வளர்மதியின் உள்ளங்கை உருட்டிய உருண்டை. திராட்சைப் பாகில் மிதந்த கொழுப்பு வட்டங்களைக் கண்டபோது வராத ஓங்கரிப்பு எனக்கு அப்போது வந்தது. "இரண்டும் ஒரே..." என்று தொடங்கினேன்.

முழங்கையை யாரோ அழுத்தினார்கள். வளர்மதி. "அக்கா, வாணாம். அம்மா எழுந்து வராங்க."

என் பேச்சு நிற்க, வளர்மதி ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு போய்த் தாயை வழியிலேயே திருப்பி உட்காரவைத்தாள்.

7

எல்லாம் முடிந்து, தட்டுகளைப் போடப் பின்கட்டுச் சமையலறைக்குப் போனேன். அங்கே கறுப்புக் குப்பைப் பை ஒன்று வாய் திறந்து கிடந்தது. நசுங்கிய காகிதக் குவளைகளுக்கும் துடைத்தெறிந்த தாள்களுக்கும் மேலே, குவியலாக, எங்கள் உருண்டைகள். இன்னும் ஆறியிருக்கவில்லை. பாகு தாளில் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

யாருடைய வேலை என்று எனக்கு ஐயமே இருக்கவில்லை. தொடாமல் விட்டதும் போதாதென்று, தொடாமல் விட்டது வெளியே தெரியாதிருக்க அவர்களே கொட்டியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். என் வாழ்நாளில் எவர்மீதும் அத்தகைய அருவருப்பை நான் உணர்ந்ததில்லை. மண்டபத்துக்குள் போய் உரக்கக் கேட்பதென்று திரும்பினேன். தொட்டியடியில் வளர்மதி நின்றிருந்தாள். அந்தக் குண்டானைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யார் கொட்டியது? இப்போதே போய்க் கேட்கிறேன்."

"கேக்காதீங்கக்கா."

"ஏன் கேட்கக் கூடாது? என்ன பயம் உனக்கு?"

"நான்தாங்க்கா கொட்னேன்."

பையின் பக்கம் திரும்பி நின்றேன்.

"ரொம்ப இருந்துதுக்கா. அப்டியே தூக்கினு அம்மா முன்னால எப்டிப் போறது? மூடியத் தெறந்து பாக்காம விடாது அது. தெறந்து பாத்துட்டு ஒண்ணும் கேக்காது. அதான்க்கா. கேட்டா பதில் சொல்லிடலாம்." துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். "அம்மா இடிச்ச புளி. என் கையாலயே கொட்னேன்."

இதுதான் நான் அடித்துவிட்டிருந்த இடம். அவள் எடுக்க வேண்டாம் என்ற இடம்.

கதவைத் தள்ளிக்கொண்டு அஞ்சலை உள்ளே வந்தார். நான் குப்பைப் பைக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றேன். வேறெதுவும் அப்போது செய்யத் தோன்றவில்லை.

"இன்னாடி, காலியா?"

"காலிம்மா."

"ஒண்ணு கூட இல்ல?"

"ஒண்ணு கூட இல்ல. வழிச்சித் துண்ணுட்டாங்க."

அஞ்சலை குண்டானை வாங்கி உள்ளே பார்த்தார். "அதுக்குள்ள கழுவி வேற வெச்சிக்கினியா" என்றார். பிறகு, "எனக்குக் கூட ஒண்ணு எடுத்து வெக்கலியேடி, மானங்கெட்டவளே" என்று சிரித்தார். வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் குண்டானை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னிருக்கையிலிருந்து யாழினி, நம் ஊர் உருண்டைதான் நல்லது, அடுத்த முறையும் இதையே செய்யலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அஞ்சலைக்கு யார் மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் இருவரும் சும்மா இருந்தோம்.

8

நேற்று எனக்கு வந்த அழைப்பை வளர்மதியிடம் காட்டினேன். தனக்கு வந்ததை அவள் எனக்குக் காட்டினாள். அஞ்சலை முன்பே ஊர் திரும்பிவிட்டார். தலைவர் வளர்மதிக்கு எழுதியிருந்தது: "நீங்க சமைச்சி எல்லாம் சிரமப்பட வேணாங்க. தண்ணி பாட்டிலும் பேப்பர் பிளேட்டும் கொண்டாந்தாப் போதும்."

மூடி முத்திரையிட்ட தண்ணீர். உறை பிரிக்காத தட்டு.

"எழுதுங்கக்கா" என்றாள் வளர்மதி. "அவங்க பண்றத மறைக்கறதுக்கு நான் இன்னாத்துக்கு என் கையால கொட்டிக்கினு இருக்கணும்?"

"அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே. யாராவது படித்துச் சொல்வார்கள்."

"அதுக்கு முன்னாடி நானே சொல்லிக்கறேன். இன்னிக்கு ராவிக்கு போன் பண்றேன்."

தலைவருக்கு நான் விடை எழுதினேன். சென்ற ஆண்டு இரு குண்டான்களிலும் இருந்தது ஒரே வாணலியில் கிளறியது என்றும், புளி கரைத்தவர் யார், உருட்டியவர் யார் என்றும், அவரும் அவர் மனைவியும் விரும்பி உண்டது எதை என்றும் எழுதினேன். இந்த ஆண்டு நான் வரவில்லை; என் தந்தையின் பெயர் வெட்டிய குண்டானும் வராது. அவர் படித்துவிட்டார் என்பதற்கான நீலக்குறி தெரிகிறது. மறுமொழி வரவில்லை.

இனி, நான் அறியாதவை. மண்டபத்தில் எத்தனை பேர் அந்த விளிம்பைத் தாமே படித்தார்கள், எத்தனை பேர் முன்னே நின்றவரைப் பார்த்து ஒதுங்கினார்கள் என்பது எனக்குத் தெரியாது. காலி என்று மகள் சொன்னதை அஞ்சலை நம்பினாரா என்பது தெரியாது. நேற்றிரவு அவர்கள் பேசிக்கொண்டது என்ன என்று நான் கேட்கவில்லை. கச்சிராயபாளையத்து மாட்டுக்கொட்டிலில் தினந்தோறும் அந்தக் குண்டானில் பிண்ணாக்குக் கரைத்த மாரிக்குத் தம் பெயரைப் படிக்கத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது.